தூக்கிட்டாங்கக்கா

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருஷம் தள்ளிப் போட்டுவிட்டேன். காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். எதை எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போட்டுத்தான் பழக்கம். சாவுச் சேதிக்கு அதைப் போடக் கூடாது. என் தம்பியைப் பற்றி எழுதும் காகிதத்தில் அதைப் போடாமல் விடவும் கை வரவில்லை, போடவும் மனசு வரவில்லை. அப்படியே மடித்து வைத்துவிடுவேன். எட்டாவது வரைதான் படித்தவள் நான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு இரும்புலியூரில். அம்மா போன பிறகு தம்பி என்னோடும் என் வீட்டுக்காரரோடும்தான் இருந்தான். தாம்பரத்தில் மெக்கானிக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பைக் ரேஸ். தெருவில் கத்திக்கொண்டு ஓட்டுகிற ரேஸ் இல்லை. ஊருக்கு வெளியே அதற்கென்றே வளைவு வளைவாகப் போட்ட தார் ரோட்டில், தோல் சட்டையும் ஹெல்மெட்டும் மாட்டி, லைசென்ஸ் எடுத்து ஓட்டுவது. அந்த வருஷத்துக் கடைசி ரேஸில் முதலாவதாக வந்தால் பைக் கம்பெனி டீமில் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு கடையில் யார் வண்டியையும் கழுவ வேண்டாம். அவனுக்கு வேறு ஆசையே இல்லை. எனக்கும் சாமியிடம் கேட்க வேறு எதுவும் இல்லை.

நான் ஒருநாளும் பார்க்கப் போனதில்லை, பயம். ரேஸ் நாளில் வீட்டைக் கழுவி, விளக்கேற்றி, முருகன் பேரைச் சொல்லிக்கொண்டு அடுப்படியிலேயே இருப்பேன். அவனுடைய கூட்டாளி ஒருவன், திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டுகிறவன், வண்டியைப் பார்த்துக்கொள்ளக் கூடப் போவான். தம்பி ஜெயித்தால் பசங்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். கூட்டாளி உடனே போன் போடுவான். "அக்கா, தூக்கிட்டாங்கக்கா!" எங்கள் வீட்டில் அதற்கு, ஜெயித்துவிட்டான் என்று அர்த்தம்.

அந்தக் கடைசி ரேஸ் அன்று காலை கிளம்பும்போது தம்பி சொன்னான். "அக்கா, சாமிய ரொம்ப நச்சரிக்காத. கடுப்பாயி எந்திரிச்சுப் போயிடப் போறாரு."

"வாய மூடு. திருநீறு வெச்சுக்கினு போ."

"வேர்த்தா கண்ணுல எறங்கும்க்கா" என்றான். ஆனாலும் நெற்றியைக் காட்டினான்.

மத்தியானம் போன் வந்தது. பின்னால் மைக் இரைச்சல், கூச்சல். "அக்கா... தூக்கிட்டாங்கக்கா... தூக்கினு போறாங்க..." கூட்டாளியின் குரல் அழுதது. சந்தோஷத்தில் அழுகிறான் என்றுதான் நினைத்தேன். லைன் கட்டாகிவிட்டது. திருப்பிப் போட்டேன், எடுக்கவில்லை.

தரையில் விழுந்து கும்பிட்டேன். வேண்டிக்கொண்டபடி சர்க்கரைப் பொங்கல் வைத்துப் படைத்து, தொன்னையில் போட்டு வீடு வீடாகக் கொடுத்தேன். எதிர்வீட்டு அக்கா வாங்கிக்கொண்டே, "இன்னாம்மா, இனிமே எங்க மொபெட்டுக்குப் பங்ச்சர் போடுவானா, இல்ல மனு குடுத்துத்தான் பாக்கணுமா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு மட்டும் மனு வேணாம்க்கா" என்றேன். தெருவே சிரித்தது.

சாயங்காலம் கூட்டாளி வந்து இறங்கினான். சட்டையெல்லாம் ரத்தம். என் கையிலிருந்த தொன்னையைப் பார்த்தான்.

"இன்னாக்கா இது?"

"பொங்கல்டா. தூக்கிட்டாங்கன்னியே."

அவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஸ்ட்ரெச்சர்லக்கா. ஆம்புலன்ஸ்ல தூக்கி வெச்சாங்கக்கா."

என் வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, நானும் அவனும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில்தான் நடந்ததைச் சொன்னான். தம்பிதான் முன்னால் போயிருக்கிறான். கடைசிச் சுற்றில் ஏதோ ஒரு வண்டியின் எஞ்சின் ஆயில் வளைவில் கொட்டிக் கிடந்திருக்கிறது. சறுக்கி விழுந்தவன் மேல் பின்னால் வந்த வண்டி ஏறிவிட்டது. சிவப்புக் கொடி காட்டி ரேஸை நிறுத்திவிட்டார்கள். அப்படி நிறுத்தினால் முந்தின சுற்றில் யார் எந்த இடமோ அதுதான் முடிவாம். முந்தின சுற்றிலும் தம்பிதான் முதல்.

"அப்ப அவனுக்குத்தானே?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. கொடி காட்டினப்புறம் வண்டிய ஓட்டிக்கினு ஷெட்டுக்குள்ள வந்து சேரணும். வந்தவனத்தான் சேத்துப்பாங்க. இவன் வர்லயே. பின்னாடி இருந்தவனுக்குக் குடுத்துட்டாங்க."

தம்பிக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும், வலிக்கிறது என்று சொல்லவில்லை. "எனக்கு இன்னா குடுத்தாங்க?" என்றான். கூட்டாளி உள்ளதைச் சொன்னான்.

"ரூல் அதாண்டா" என்றான் தம்பி. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பப் பார்த்தான். கழுத்து திரும்பவில்லை.

மறுநாள் காலை போய்விட்டான்.

என் கையால் பொங்கல் வாங்கித் தின்றவர்கள்தான் மாலையோடு வந்தார்கள். அவன் ரத்தத்தில் கிடந்த நேரத்தில் நான் முந்திரி வறுத்துக்கொண்டிருந்தேன் என்பது அவர்களுக்கும் தெரியும். இன்றும் விளக்கேற்றுகிறேன். நின்று கும்பிடுகிறேன். கேட்பதற்குத்தான் எதுவும் வருவதில்லை. முருகனும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

இப்போது தெருவில் வேறு கதை பேசுகிறார்கள். கடற்கரை ரோட்டில் பெட் கட்டி ஓட்டிச் செத்தான் என்கிறார்கள். குடித்திருந்தான் என்கிறார்கள். நல்ல மனசுக்காரர்கள், கோட்டைத் தாண்டி ஜெயித்த பிறகுதான் உயிர் போனது என்கிறார்கள். ஒன்றும் உண்மையில்லை. இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம். ஜெயித்தான் என்று சொன்னால் அவனே ஒத்துக்கொள்ள மாட்டான்.