இடமாகச் சுற்றிய அம்பு

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது. அதுவும் நள்ளிரவில் இல்லை, பட்டப்பகலில். அன்று கூட இருந்தவன் என் கொழுந்தன் தொக்தோக். இந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுவான்.

என் பெயர் நார்மந்தாக். தலன்சத்கத் நகரில் இருந்து தெற்கே, கோபிப் பாலைவனத்துக்குள் வேன் ஓட்டுகிறேன். பழைய ரஷ்ய வேன். ஆள், மாவு, மருந்து, எது கிடைத்தாலும் ஏற்றுவேன். அங்கே ரோடு என்று ஒன்று கிடையாது. மலையின் தோளைப் பார்த்து ஓட்ட வேண்டியதுதான். அந்த வருஷக் குளிர்காலத்தில் எங்கள் தெரு ஓட்டுநர் ஒருவர் பனியில் வழி பிசகியதில், அவர் வண்டியில் போன பெரியவருக்குக் கால்விரல்கள் போயின. அதற்குப் பிறகு, ஜிபிஎஸ் இல்லாத வண்டியில் ஏற ஆட்கள் யோசித்தார்கள்.

அதனால்தான் சந்தைக்குப் போனோம்.

கடைக்காரர் ஷிரென்தெவ் இரண்டு கருவிகளை எடுத்து வைத்தார். ஒன்று புதுசு. பெரிய திரை. பெண் குரலில் பேசும். வண்டி மின்சாரத்தில்தான் ஓடும். மற்றது கைக்கு அடக்கமானது, கொஞ்சம் பழசு. பேசாது. தனி பேட்டரி. நாம் போன பாதையைத் திரையில் கோடாக வரைந்துகொண்டே வரும். கோட்டின் நுனியில் ஒரு சின்ன அம்பு. அதுதான் நாம். போக வேண்டிய இடத்தைக் குறித்து வைத்தால் அதையும் ஒரு புள்ளியாகக் காட்டும்.

நான் கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு பெரியதைத் தொட்டேன். திரை அசையவில்லை. சின்னதில் பொத்தான்கள், கையுறையோடும் அழுந்தின. வெயிலில் நீட்டிப் பார்த்தேன். இருக்கையில் தட்டிப் பார்த்தேன்.

"எங்கண்ணனைக் கட்டிக்கிறப்பகூட இவ்வளவு பார்க்கல அண்ணி நீங்க," என்றான் தொக்தோக்.

"பார்த்திருந்தா தப்பிச்சிருப்பேன்டா."

ஷிரென்தெவ் சிரித்துவிட்டு, "ரெண்டையும் கொண்டு போய் ஓட்டிப் பாரும்மா. பிடிச்சதை வெச்சுக்கிட்டு மத்ததைக் கொடு," என்றார்.

மறுநாளே அதற்கு வேளை வந்தது. தெற்கே ஒரு குடியிருப்பில் துல்மா என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மருத்துவச்சி போனில் சொன்னாள். விடிந்ததும் கிளம்பினோம். இரண்டு கருவிகளும் முன்கண்ணாடிக்குக் கீழே.

பெரியது வாயை மூடவில்லை. ஆட்டுத்தடத்தை எல்லாம் ரோடு என்றது. வெறும் கூழாங்கல் வெளியில், "வலப்புறம் திரும்பவும்" என்றது.

"திரும்புங்க அண்ணி. பாவம், கேட்டுக்கிட்டே இருக்கா," என்றான் தொக்தோக்.

சின்னது பேசாமல் கோடு வரைந்துகொண்டு வந்தது. எனக்கு அப்போதே அதைத்தான் பிடித்திருந்தது.

மதியம் தாண்டி மேற்கே வானம் மஞ்சளானது. பிறகு செங்கல் நிறம். வசந்தகாலப் புழுதிப்புயல் எங்களுக்குப் புதிதில்லை. ஒரு பள்ளத்தில் இறக்கி, வண்டியின் முதுகைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தினேன். என்ஜினை அணைத்தேன். பெரிய கருவி செத்தது. சின்னது மட்டும் எரிந்தது.

மணி இரண்டு பத்து. வண்டியின் மூக்குகூடத் தெரியவில்லை.

"அண்ணி, நாம நின்னுட்டுத்தானே இருக்கோம்?"

"பின்ன?"

"இது நடக்குதுன்னு காட்டுது."

எட்டிப் பார்த்தேன். வேகம்... மூன்று கிலோமீட்டர். மனிதன் நடக்கிற வேகம். அம்பு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"நின்ன இடத்துல கொஞ்சம் தடுமாறும்டா. ஷிரென்தெவ் சொன்னாரே."

தடுமாறினால் கோடு கிறுக்கலாக இருக்க வேண்டும். இது கிறுக்கல் இல்லை. வட்டம். நாங்கள் நின்ற இடத்தைச் சுற்றி, காம்பஸ் வைத்துப் போட்டது போல ஒரு வட்டம். அது முடிந்ததும் அதற்குள்ளே இன்னொன்று... கொஞ்சம் சின்னதாக.

கணவாயில் சாமிக்கென்று குவித்த கல்மேட்டைக் கண்டால் நாங்களும் இறங்கிச் சுற்றுவோம். ஆனால் சூரியன் போகிற பக்கமாக, வலமாகத்தான் சுற்றுவோம். இது இடமாகச் சுற்றியது.

தொக்தோக்கும் அதைக் கவனித்துவிட்டான்.

வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து வண்டியை ஒட்டியது.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

சர்ர்ர்...

மண் அடிக்கிற சத்தம் எனக்குத் தெரியும். இது உள்ளங்கை. தகரத்தைத் தடவிக்கொண்டு போகிற உள்ளங்கை. என் கதவு... பக்கத் தகடு... பின்புறம்... அப்புறம் தொக்தோக்கின் பக்கம், பின்னால் இருந்து முன்னால்.

திரையில் அம்பும் அதே இடத்தில்.

"யாரோ வழி தவறினவங்க," என்றேன். "கதவு எங்கன்னு தெரியாம சுத்துறாங்க."

"இறங்காதீங்க."

"புயல்ல ஆளை வெளிய விட்டுட்டு உட்கார்ந்திருக்கச் சொல்றியா?"

வண்டி இழுக்கும் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டேன். மறுமுனையை ஸ்டீயரிங்கில் கட்டினேன். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு இறங்கினேன்.

"யாரது? இங்க வாங்க, கதவு இந்தப் பக்கம்."

காற்றின் இரைச்சல்தான் கேட்டது.

வண்டி மேல் கையை வைத்தபடி வலமாக நடந்தேன். மூக்கைச் சுற்றி, தொக்தோக்கின் பக்கம் வந்தேன். அங்கே காற்று நேராக முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. அவன் ஜன்னலைத் தாண்டினேன்.

சட்டென்று காற்று நின்றது.

புயல் நிற்கவில்லை. காதில் அதே இரைச்சல். பக்கவாட்டில் புழுதி ஓடுகிறது. என் முகத்தில் மட்டும் காற்று இல்லை.

எனக்கு முன்னால் யாரோ நின்று மறைத்தது போல...

கையை நீட்டினேன்.

ஒன்றும் இல்லை.

மறுபடி காற்று அறைந்தது.

மீதிச் சுற்றை எப்படி முடித்தேன் என்று தெரியாது. உள்ளே விழுந்து கதவைச் சாத்தினேன். தொக்தோக் கருவியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். உதடு வெளுத்திருந்தது.

"யாரும் இல்லடா."

"அண்ணி... நீங்க சுத்துறப்போ இதுவும் சுத்துச்சு. எதிரா."

"சரி."

"ரெண்டு தடவை உங்களைத் தாண்டிப் போச்சு. ஒரு தடவை என் ஜன்னலுக்குப் பின்னாடியே. நான் கண்ணாடியில பார்த்தேன். நீங்க மட்டும்தான் இருந்தீங்க. நின்னு... கையை நீட்டினீங்க."

சர்ர்ர்...

மறுபடியும்.

பின்புறம்... தொக்தோக்கின் பக்கம்... மூக்கு...

என் கதவு.

நின்றது.

அம்பும் நின்றது. வேகம், பூச்சியம்.

கைப்பிடி அசைந்ததா என்று கேட்பீர்கள். நான் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லை.

சாவியைத் திருப்பினேன்.

"வலப்புறம் திரும்பவும்."

இருவரும் கத்திவிட்டோம். பெரிய கருவிக்கு உயிர் வந்திருந்தது. முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமலே வண்டியைக் கிளப்பினேன். சின்னதின் திரையில் துல்மாவின் குடியிருப்புக்குக் குறித்து வைத்த புள்ளியை மட்டும் பார்த்து, அடி அடியாக ஓட்டினேன். அம்பு ஒழுங்காக எங்களோடு வந்தது. கோடு நேராக வந்தது. பொழுது சாய்வதற்குள், புழுதிக்கு நடுவே, துல்மாவின் கூடார வாசலில் அது எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது.

துல்மா பிழைத்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பெண் குழந்தை.

பெரியதைத் திருப்பிக் கொடுத்தேன். சின்னதை வைத்துக்கொண்டேன். எல்லாரும் என்னைப் பைத்தியம் என்றார்கள். ஆனால் அன்று வழி காட்டியது அதுதானே? அதன் பிறகு ஒரு நாளும் அது அப்படிச் செய்ததில்லை. தொக்தோக் மட்டும் அந்த வண்டியில் ஏறுவதை விட்டுவிட்டான்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டேன்.

அடுத்த வருஷம் துல்மா வீட்டில் விருந்து. ஆட்டுக்கறியும் பால் தேநீரும் நடந்துகொண்டிருந்தன. யாரோ வற்புறுத்தியதால் நான் நடந்ததைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. துல்மாவின் தூரத்து உறவு, பெயர் செவெல்மா. கணவர் இல்லாதவர். கூட்டம் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கமா சுத்துச்சு?"

"இடமா, அக்கா."

தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எங்க லாரியும் அந்தப் பள்ளத்துலதான் நின்னுச்சு. பத்து வருஷமாச்சு. நீ சொன்ன மாதிரியே புயல். அவர் இறங்கிப் போனார். திரும்பி வரல. விடியற வரைக்கும் வண்டியை ஒரு கை தடவிக்கிட்டே சுத்துச்சு. அவர்தான்னு நெனச்சு நானும் ஒவ்வொரு கதவா திறந்து திறந்து கூப்பிட்டேன். காலையில பார்த்தா அவர் ரொம்ப தூரத்துல விழுந்து கிடக்கார். முந்தின நாள் பொழுது சாயறதுக்கு முன்னாடியே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னார்."

ஆறுதலாக ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"வழி பார்க்கவா அக்கா இறங்கினார்?"

அவர் தலையை ஆட்டினார்.

"இல்லம்மா. யாரோ வழி தெரியாம நம்ம வண்டியைத் தடவிக்கிட்டு சுத்துறாங்க, கூட்டிட்டு வரேன்னு இறங்கினார்."