அக்காவை அழைத்துவரப் புங்குடுதீவுக்குப் போன பத்து நாட்கள்

ஓய்வுபெற்ற பிறகு வெளிநாட்டில் குடியிருந்துகொண்டு ஊர் ஊராகப் போய்வருகிறவர்கள் நாங்கள். என் கணவருக்கு ஐம்பத்தெட்டு வயது, எனக்கு நாற்பத்தேழு. சாம்பியாவில் பதினான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். அவர் கணிதம், நான் புவியியல். சென்ற ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் இருவரும் வேலையை விட்டுவிட்டுப் பினாங்கில் இரண்டு அறை வீடொன்றை வாடகைக்கு எடுத்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசாவுக்காக எல்லை தாண்ட வேண்டும். எங்கள் பயணங்களில் பாதி அந்தச் சாக்கில் நடப்பவைதான்.

என்னுடைய முந்திய பயணக் கட்டுரைகளை வாசித்த இரண்டு பேர் ஒரே கேள்வியை எழுதிக் கேட்டிருந்தார்கள்: ஊரில் தனியாக இருக்கும் உறவுகளை என்ன செய்கிறீர்கள்? 1990 சித்திரையில் நாங்கள் புங்குடுதீவுக்குப் போனது அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான். மடத்துவெளியில் என் அக்கா இருக்கிறார். வயது ஐம்பத்தாறு, மணம் செய்யவில்லை. தபால் கந்தோரில் முப்பது வருடம் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். தை மாதம் அவருக்கு எழுதினேன்: "எங்களோடு வந்து இருங்கோ. நீங்களும் தனியாக இருக்க வேண்டாம், நாங்கள் பயணம் போகும்போது வீடும் பூட்டிக் கிடக்காது." நேரில் கதைப்போம் என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதை நான் முக்கால்வாசி சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ரயில் எடுத்தால் பிற்பகல் யாழ்ப்பாணம். இரண்டாம் வகுப்பில் இருக்கையை முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது நல்லது. யாழ்ப்பாண பஸ் நிலையத்திலிருந்து குறிகட்டுவான் போகும் மினிபஸ்ஸில் மடத்துவெளிக்கு எட்டு ரூபா. எங்களிடம் மூன்று பெட்டிகள் இருந்ததால் பழைய ஒஸ்ரின் கார் ஒன்றை இருநூற்றைம்பது ரூபாவுக்குப் பேசினோம். தூரம் பதினாறு மைல். பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு இரண்டு பக்கமும் கடல் நிற்கிற நீண்ட தாம்போதி. கார் முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

சாரதி பெட்டிகளைப் பார்த்துவிட்டு, நிரந்தரமாக வந்துவிட்டோமா என்று விசாரித்தார். பத்து நாள், பிறகு பினாங்கு என்றேன்.

"அங்கை ஆர் இருக்கினம், அம்மா?"

"ஒருத்தரும் இல்லை."

அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "ஒருத்தரும் இல்லாத ஊரிலை போய் ஏன் இருக்கிறியள்?"

"அதுக்காகத்தான் தம்பி இருக்கிறம்," என்றார் என் கணவர். சாரதி வேலணை வரை சிரித்துக்கொண்டு வந்தார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்தத் தீவுகளின் ஆண்கள் காலியிலும் கண்டியிலும் கொழும்பிலும் கடை வைத்து உழைத்தார்கள். ஓய்வு என்றால் கடையை மகனிடம் விட்டுவிட்டுத் தீவுக்குத் திரும்புவது. ஓய்வுபெற்ற பிறகு தீவை விட்டுப் போவதை அவர்கள் தலைகீழாக நடப்பது போலப் பார்க்கிறார்கள். எனக்கு இதில் வெட்கம் எதுவும் இல்லை. காலையில் எழுந்து, எந்த ஊரில் இருக்கிறோம் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அக்கா படலையில் நின்றார். தேத்தண்ணீர் தந்தார், மீன் குழம்பு தந்தார், என் கணவரின் முழங்கால் வலியை விசாரித்தார். பினாங்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. அவருடைய விமானச் சீட்டுக்கு முற்பணம் கட்டிவிட்டோம் என்பதை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு அக்கா சாவிகள் கோத்த ஒரு திறப்புக் கோர்வையையும் நல்லெண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கூடப் போனேன். சுற்றுவட்டாரத்தில் ஐந்து வீடுகளின் திறப்புகள் அவரிடம் இருக்கின்றன. ஒரு குடும்பம் கனடாவில், ஒன்று லண்டனில், இரண்டு கொழும்பில். ஐந்தாவது எங்கள் வீடு. எனக்குச் சீதனமாக வந்தது. வீடு இருண்டு கிடக்கக்கூடாது என்று, போகிறவர்கள் யாரிடமாவது திறப்பைக் கொடுத்து வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கச் சொல்லிவிட்டுப் போவது இங்கே வழக்கம். கேட்கும்போது சின்ன வேலையாகத்தான் தெரியும். கதவுகளையும் யன்னல்களையும் திறக்க வேண்டும், முன்னறையைக் கூட்ட வேண்டும், சாமிப்படத்தைத் துடைக்க வேண்டும். விளக்கை எரியவிட்டுப் பூட்டிக்கொண்டு வர ஏலாது, தீப்பிடித்துவிடும். ஆகையால் விளக்கு எரிய ஒரு பத்து நிமிடம் அங்கேயே இருந்து, பிறகு சுடரை நூர்த்துவிட்டு வர வேண்டும். ஐந்து வீடும் முடிய ஏழு மணி ஆகிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் அக்கா அவர்களுடைய கதிரையில் அவர்களைப் போலவே இருந்தார்.

எங்கள் வீட்டில் நான்தான் விருந்தாளி. தீப்பெட்டி எந்தத் தட்டில் என்று எனக்குத் தெரியவில்லை. குசினிக் கதவு இறுகியிருந்தது. அக்கா தோளால் ஒரு தள்ளுத் தள்ளித் திறந்தார். பதினைந்து வருடத்து வெள்ளிக்கிழமைகளை மனதுக்குள் கணக்குப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் நயினாதீவுக்குப் போனோம். குறிகட்டுவானிலிருந்து மோட்டார் வள்ளம், ஆளுக்கு மூன்று ரூபா, இருபது நிமிடம். மத்தியானப் பூசைக்கு நிற்க நினைப்பவர்கள் பத்து மணிக்கு முன் ஏறிவிடுங்கள். கோயிலிலிருந்து கொஞ்சம் நடந்தால் விகாரை. இரண்டையும் ஆறுதலாகப் பார்த்துவிட்டு மூன்று மணிக்குத் திரும்பலாம். திரும்புகிற வள்ளத்தில் நான் பேச்சை எடுத்தேன். பினாங்கிலும் கோயில் இருக்கிறது, மரக்கறிக் கடை வாசலிலேயே இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தென்மேற்கே தண்ணீரில் ஒரு கோடாகத் தெரிந்த நெடுந்தீவைக் காட்டினார்.

"உதுக்கு நான் ஒருநாளும் போனதில்லை. செவ்வாய்க்கிழமை போவமே?"

எனக்குத் திகைப்பாக இருந்தது. ஐம்பத்தாறு வருடம் கண்ணுக்கு முன்னால் கிடக்கிற தீவு. ஏன் போகவில்லை என்று கேட்டேன். அங்கே சொந்தக்காரர் இல்லை, செத்தவீடு கலியாணவீடு எதுவும் வரவில்லை, சும்மா போனால் சனம் என்ன சொல்லும் என்றார்.

நெடுந்தீவு வள்ளம் குறிகட்டுவானிலிருந்து காலை எட்டு மணிக்குப் புறப்பட்டது. பத்து ரூபா. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். சித்திரையில் கடல் தட்டுப்போலக் கிடக்கிறது, ஆனாலும் என் கணவர் முழுநேரமும் கண்ணை மூடிக்கொண்டு தேசிக்காயை மணந்தபடி இருந்தார். அக்கா முன்பக்கம் போய் நின்றுகொண்டார். மாவிலித்துறையில் இறங்கினால் உழவு இயந்திரத்தின் பெட்டிதான் வாகனம். மூன்று பேருக்கும் நாள் முழுவதற்கும் நூற்றிருபது ரூபா பேசினோம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் வேண்டும்; நிழல் குறைவு. பவளக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலிகள் மைல்கணக்கில் ஓடுகின்றன. தெற்குப் பக்க வெளியில் குதிரைகள் கூட்டமாக நின்றன. சாரதி எங்களைக் கோட்டைக்குக் கூட்டிப்போனார், கடைசியாகப் பெருக்க மரத்தடியில் இறக்கினார்.

பெருக்க மரத்தை இங்கே எல்லோரும் அதிசயமாகக் காட்டுகிறார்கள். அடிமரம் ஓர் அறை அளவு பருமன், உள்ளே ஆள் நுழையக் கூடிய பொந்து, மேலே வேர்களைப் போலக் கிளைகள். முந்தைய காலத்தில் அராபிய வணிகர்கள் கொண்டுவந்தது என்கிறார்கள். அக்கா மரத்தைச் சுற்றி நடந்து வந்தார். நான் படிப்பித்த பழக்கத்தில் சொன்னேன்: "இது ஆபிரிக்க மரம், அக்கா. சாம்பியாவிலை எங்கடை வீட்டுக்குப் பின்னாலேயே நாலு நிண்டது. இதைவிடப் பெரிசு."

அக்கா நின்றார்.

"எங்கை நிண்டது?"

"வீட்டுக்குப் பின்னாலை."

"பதினாலு வருசமா மாசம் ஒரு கடிதம் போட்டனீ. கூரை ஒழுகுது எண்டு எழுதினாய், சமையல்காரன் விட்டிட்டுப் போட்டான் எண்டு எழுதினாய். இப்பிடி ஒரு மரம் நிக்குது, வந்து பாருங்கோ எண்டு ஒரு வரி எழுதேல்லையே?"

அந்தக் காலத்தில் பயணச் செலவு, அவருடைய லீவு, தூரம் என்று நான் ஏதோ தொடங்கினேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். குரல் உயரவே இல்லை.

"நீ போன அடுத்த வருசம் நான் பாஸ்போட் எடுத்தனான். பத்து வருசம் வெறுமனே கிடந்து முடிஞ்சுது. பிறகு இன்னொண்டு எடுத்தனான். அதுவும் வெறுமைதான். இப்ப கூப்பிடுறாய். என்னத்துக்கு? நீங்கள் ரெண்டு பேரும் ஊர் சுத்தேக்கை வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது எண்டு. அந்த வேலையை இஞ்சை அஞ்சு வீட்டுக்குச் செய்யிறன், பிள்ளை. ஆறாவதுக்குக் கப்பலேறி வரோணுமே?"

உழவு இயந்திரச் சாரதி தூரத்தில் போய்ச் சுருட்டுப் பற்றவைத்தார். என் கணவர் மரத்தின் சுற்றளவைக் கையால் அளப்பதுபோல் நின்றுகொண்டார். தை மாதக் கடிதத்தை எழுதும்போது அவருடைய தனிமையை நினைத்துத்தான் எழுதினேன் என்று இதுவரை நம்பியிருந்தேன். இரண்டாவது பாதி வசதிக்காகச் சேர்த்த வரி என்றும் நினைத்திருந்தேன். அக்கா கடிதங்களோடு முப்பது வருடம் இருந்தவர். எந்தப் பாதிக்காகக் கடிதம் எழுதப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

"பிழைதான் அக்கா," என்றேன். "நீங்கள் எங்கை போக விரும்புறியள்?"

"உந்த மரம் நாலு நிக்கிற இடத்துக்கு."

"நாங்கள் அதை விட்டிட்டு வந்திட்டம்."

"நீ பாத்திட்டாய். நான் பாக்கேல்லை."

என் கணவர் மரத்தை விட்டு எங்களிடம் வந்தார். "மச்சாள், நான் வரேல்லை. எனக்கு உந்த ஊரிலை பதினாலு வருசம் இருந்தது போதும். நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ, பினாங்கு வீட்டை நான் பாக்கிறன்."

"அப்ப சரி," என்றார் அக்கா. பொந்துக்குள் நுழைந்து பார்த்துவிட்டு, தலையில் சிலந்திவலையோடு வெளியே வந்தார். திரும்பி வருகிற வள்ளத்தில் அவர் எங்கள் சாம்பியா ஊரைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆற்றங்கரைச் சந்தை எந்த நாளில் கூடும் என்பதுகூட.

மிச்ச நாட்களில் அக்கா நாலு வீட்டுக்காரருக்கும் தனித்தனியே எழுதினார். தான் பயணம் போவதாகவும், பக்கத்து வளவுப் பெண் விளக்கு வைக்கச் சம்மதித்திருப்பதாகவும், விருப்பமில்லாதவர்கள் வேறு ஆளை ஒழுங்குசெய்யலாம் என்றும். எங்கள் வீட்டைப் பற்றி என்னைக் கேட்டார். நாங்களே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். அவர் ஒப்புக்கொண்டார், ஆனால் வெள்ளிக்கிழமை தவறினால் கடிதம் எழுதித் திட்டக்கூடாது என்றார்.

இதே யோசனையில் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தீவுகளுக்குப் போவதானால் வைகாசிக்கு முன் போங்கள். சோழகக் காற்று எழும்பினால் நெடுந்தீவுக் கடல் இப்படி இருக்காது. பாதை திறந்திருக்கிறதா என்று புறப்படுகிற கிழமையில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சில்லறைக் காசு வேண்டும், வள்ளத்தில் நூறு ரூபாத் தாளை மாற்ற மாட்டார்கள். நெடுந்தீவில் கடைசி வள்ளம் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கேளுங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரிலுள்ளவரைக் கூப்பிட நினைத்தால், எழுதிய கடிதத்தை அவர் இடத்தில் இருந்து ஒருமுறை வாசியுங்கள். நீங்கள் ஓய்வுபெறும்வரை கூப்பிடுவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

அக்கா போன கிழமை பினாங்கு வந்து சேர்ந்தார். இன்று காலை, நான் பதினான்கு வருடம் குடியிருந்த ஊரில் தங்குவதற்கு அறை கிடைக்குமா என்று பழைய சிநேகிதி ஒருத்திக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு பேர், இரண்டு கிழமை. அக்கா வாசித்துப் பார்த்து, பேனையை என் கையிலிருந்து வாங்கி, கிழமையை வெட்டிவிட்டு மாதம் என்று எழுதினார்.