புளித்த சிக்கே

கடுங்காய்ச்சலில் கிடந்து எழுந்த அந்தக் குளிர்காலத்தோடு சுனிமுக்கு மூக்கும் நாக்கும் செத்துப்போயின. அவள் யாரிடமும் சொல்லவில்லை. குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால், பெண்கள் பொதுக் குளியல்கூடத்தில் முட்டையும் சிக்கே என்னும் இனிப்புச் சோற்றுப் பானமும் விற்பவள் அதை எப்படிச் சொல்வாள்? கணவனைக் கடல் கொண்டுபோன பிறகு அந்தக் கடையும் அதன் பின்னறையும்தான் அவளுக்கு மிச்சம்.

முட்டை பரவாயில்லை. சூளைக்கல்லில் சுட்டு, ஒன்றை உடைத்து நிறம் பார்த்தால் போதும். சிக்கே அப்படியல்ல. முளைகட்டிய பார்லித் தண்ணீரில் சோற்றை வெதுவெதுப்பாக ஊறவைத்து, புளிக்கும் முன் சர்க்கரை போட்டுக் காய்ச்சி, குளிரவைக்க வேண்டும். பக்குவத்தை மூக்குதான் சொல்லும்.

அவளுடைய சிக்கே புளித்தது. முதல் வாயிலேயே, குளிக்க வரும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"எப்படிடி இருக்கு?" என்பாள்.

"தேன் மாதிரி இருக்குக்கா!"

கிண்ணத்தோடு உள்ளே போய் ஜலதாரையில் ஊற்றிவிடுவோம். அங்கே எங்களுக்கு அழுக்குத் தேய்த்துவிடும் கும்சிம்தான் அதில் தங்கும் சோற்றுப் பருக்கைகளை வாரி எறிவாள். "உங்க முதுகு அழுக்கும் நானே வாரணும், உங்க பொய்யும் நானே வாரணுமா?" என்று திட்டுவாள். ஆனால் சுனிம் கேட்டால் அவளும் தேன் என்றே சொல்வாள். அது இரக்கம்தானா, இல்லை சங்கடத்துக்குப் பயந்தோமா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கும்சிம் இடுப்புவலியால் சில நாள் வரவில்லை. ஜலதாரை அடைத்துக்கொண்டு தண்ணீர் கணுக்கால்வரை ஏறியது. சுனிம் வந்து கையை விட்டாள். பிடிபிடியாகச் சோறு வந்தது. உடம்பில் துணியில்லாமல் சுற்றி நின்றோம். அவள் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் முகர்ந்தாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

மறுநாள் சிக்கே பானை கவிழ்ந்து கிடந்தது. நடந்ததைக் கேள்விப்பட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கும்சிம் ஓடிவந்தாள்.

"இனிமே நான் ருசி பாத்துச் சொல்றேன்க்கா. நீங்க காய்ச்சுங்க."

"தேன்னு சொன்னதும் இந்த வாய்தானே?"

"உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான்…"

"என்னை நடுவுல வச்சு எல்லாரும் நாடகம் ஆடியிருக்கீங்க. இனி நீ நல்லா இருக்குன்னா நான் எதை வச்சுடி நம்புறது?"



அந்த வாரமே சுனிம் அறையைக் காலிசெய்தாள். எங்கே போகிறாள் என்று சொல்லவில்லை. மீதியிருந்த முட்டைகளை எங்களுக்குப் பங்கு வைத்தாள். அங்கேயே உரித்துத் தின்றோம். உண்மையிலேயே நன்றாக இருந்தன. சொன்னோம். அவள் நம்பவில்லை.