விசிறி முன்னால் நின்ற மாமா

ராஜபாளையத்தில் எந்த மில்லில் மெஷின் நின்றாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என்னிடம் வேலை பார்ப்பவர்களில் இரண்டு பேர் இன்ஜினியர்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்ட நானும் ஒருமுறை ஊர் முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். காரணம் என் தாய்மாமன்.

அப்போது நாங்கள் மம்சாபுரத்தில் இருந்தோம்; நான் பள்ளிக்கூடத்துப் பையன். பருத்திக்கு மருந்தடிக்க வந்த சின்ன விமானம் ஒன்று வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் இறங்கியிருந்தது. மறுநாள் காலையில் கிளம்பப் பார்த்தால் பேட்டரி செத்துவிட்டது. மூக்கில் இருக்கும் விசிறியை யாராவது கையால் இழுத்துச் சுற்றிவிட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும் என்றார் பைலட்.

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மாமா லாரி டிரைவர். மார்கழிக் குளிரில் விறைத்துக் கிடக்கும் லாரியையும், முன்பக்கத்தில் இரும்பு ஹேண்டிலைச் செருகி ஒரே சுற்றில் கிளப்புவார். "எங்க மாமா ஒரே இழுப்புல கிளப்பிருவாவ. இல்லேன்னா நான் மொட்டை போட்டுக்கிடுதேன்" என்று கூட்டாளிகளிடம் பந்தயம் கட்டிவிட்டேன்.

சக்கரங்களுக்கு முன்னால் கல் கொடுத்தார்கள். மாமாவின் தோளில் கிடந்த துண்டைப் பைலட் எடுத்துவிடச் சொன்னார்.

"விரலை மடக்கிப் பிடிக்காதீங்க. உள்ளங்கையால கீழ இழுங்க, இழுத்த வேகத்துல பின்னால போயிடுங்க. சுத்த ஆரம்பிச்சா அது கண்ணுக்கே தெரியாது. கை நீட்டினா, கை இருக்காது."

"பின்னால போற பழக்கமே நமக்குக் கெடயாதே சார்" என்றார் மாமா. கூட்டம் விசிலடித்தது.

கூட்டத்துக்குள் இருந்து அத்தை கத்தினாள்: "பெருமைய எறக்கி வச்சிட்டு அவரு சொல்லுதத காதுல வாங்குங்க!"

முதலில் இன்ஜின் பிடிக்காதபடி சுவிட்சை அணைத்துவைத்து ஒத்திகை. மாமா இழுத்தார். அடடா, என்ன இழுப்பு! ஆனால் இழுத்து முடித்ததும் அவருடைய வலது கை மறுபடியும் விசிறியை நோக்கிப் போனது. லாரி இன்ஜின் பிடித்ததும் ஹேண்டிலை உருவிவிட வேண்டும். வருஷக்கணக்கான பழக்கம். இரண்டாவது தடவையும் கை போனது. மூன்றாவது தடவை, உடம்பு பின்னால் வந்தும் கை மட்டும் ஒரு சாண் முன்னால் நீண்டது.

மாமா அந்தக் கையை யாரோ அந்நியனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சார், கை என் பேச்சக் கேக்க மாட்டேங்கு. வேற ஆளப் பாருங்க."

"ஏலே, டிரைவருக்கு டவுசர் நனைஞ்சிருச்சுடோய்!" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசியில் பைலட் கூப்பிட்டது மிஷன் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியாரை. வாரம் தவறாமல் என்னைப் பிரம்பால் வெளுப்பவர். வாழ்நாளில் லாரி ஹேண்டிலைத் தொட்டிராதவர். ஆனால் "பின்னால் நட" என்றால் அவர் கால் தானாக நடக்கும். ஒன்று என்றால் இழுப்பு, இரண்டு என்றால் நகர்வு. ஒத்திகை முடிந்து, பைலட் ஏறி உட்கார்ந்தார். நான்காவது இழுப்பில் இன்ஜின் உறுமியது. விசிறி மறைந்துபோய் வெறும் புழுதியும் காற்றும். அதற்குள் வாத்தியார் தள்ளிப் போய் அட்டென்ஷனில் நின்றிருந்தார். அங்கும் இங்கும் ஓடிக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்திய மாமாதான் முதலில் கைதட்டினார்.

இன்று என் பட்டறைக்குப் புது ஆள் வந்தால், ஒரு வாரம் மெஷினை ஓடவிடாமல் கையை மட்டும் பழக்குவேன். இந்தக் கை எங்கே போகிறது என்று பார்ப்பேன். இதுவரை ஒருத்தனுக்கும் ஒரு விரல் போனதில்லை. என் சாமர்த்தியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அன்று பந்தயத்தில் தோற்றவன், மறுநாள் மொட்டை போட்டுக்கொண்டேன். சாயங்காலம் மாமா வந்தார்.

"என்ன மருமவனே, பழனிக்குப் போகாமலே வேண்டுதல முடிச்சிட்டியா?" என்று சிரித்தபடி என் தலையைத் தடவினார். வழுவழுத்த தலையில் அவருடைய வலது கையின் ஐந்து விரல்களும் தனித்தனியாகப் பட்டன.

நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.