மரியாதைக்குச் சொன்ன இன்ஷா அல்லா

இன்று காலை சிதம்பரத்திலிருந்து மாமா மகள் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டாள். "இன்ஷா அல்லா, வந்துடறோம்" என்றேன். போகும் எண்ணமே எனக்கு இல்லை. சொல்லி வாய் மூடவில்லை, என்னைப் பெற்ற அத்தாவின் ஞாபகம் வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் கடலூர் முதுநகர் வீட்டுக்கு அந்த மாமா விருந்துக்கு அழைக்க வந்திருந்தார். கூடமெல்லாம் அவருடைய அத்தர் வாசனை. "இன்ஷா அல்லா, வந்துடறோம் மச்சான்" என்று அத்தா சிரித்தபடி வழியனுப்பினார். கதவைச் சாத்தியதும் அம்மாவிடம், "யாரு போறது? மூஞ்சிக்கு நேரா வரலன்னா சொல்ல முடியும்? மரியாதைக்குச் சொன்னேன்" என்றார்.

அந்த வாரம்தான் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் சொல்லியிருந்தார்: "இன்ஷா அல்லான்னா அல்லா நாடினான்னு அர்த்தம். பொய்க்கு அல்லா பேர தொணைக்குக் கூப்புடாதீங்க." கூப்பிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அத்தாவைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். தினமும் சாயங்காலம் அவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்வரை அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று வாசலிலேயே நின்றேன்.

விருந்தன்று மத்தியானம் அத்தா வீட்டிலேயே படுத்துத் தூங்கினார். மூச்சு வருகிறதா என்று அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். திடுக்கிட்டு எழுந்தவர், "என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்லத்தா" என்று நானும் மரியாதையாகப் பொய் சொன்னேன்.

இப்போது போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகளின் பென்சில் நின்றிருந்தது. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அம்மா, இது நெஜ இன்ஷா அல்லாவா, சும்மா இன்ஷா அல்லாவா?"