சுஜீவா இழுத்துப் பார்க்காத பொருள்

சிட்னியில் பென்டில் ஹில்லில் சுஜீவா இருக்கும் வீட்டின் பின்பக்க அறையில் நானும் என் கணவரும் ஐந்து வருடமாகக் குடியிருக்கிறோம். முன்பக்கம் முழுவதும் குழந்தைகளுடையது. வேலைக்குப் போகும் தாய்மார் காலை ஏழு மணிக்குக் கொண்டுவந்து விடுவார்கள், சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூட வயது வராத குழந்தைகள் நான்கு பேருக்கு மேல் அவள் வைத்துக்கொள்ளக் கூடாது. இதற்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே இருப்பதால் என்னையும் என் கணவரையும்கூட விசாரித்துச் சான்று கொடுத்தார்கள்.

சுஜீவா முல்லைத்தீவுப் பக்கத்தவள். 2012இல் படகில் வந்தாள். அகதிகளை அடைத்து வைக்கும் வில்லாவுட் முகாமில் சில மாதம் இருந்தாள். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக விசா. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் இடத்தில் பகல் வேலை, சாயங்காலத்தில் குழந்தை பராமரிப்புப் படிப்பு. இதையெல்லாம் அவள் கோவையாகச் சொன்னதில்லை. துணி மடிக்கும்போது ஒன்று, வெங்காயம் உரிக்கும்போது ஒன்று என்று சொன்னதை நான் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒருநாள் சொன்னாள்: "நிரந்தர விசா வந்த அண்டைக்கு எல்லாரும் அழுதவை. எனக்கு அழுகை வரேல்லை அக்கா. இந்த லைசன்ஸ் வந்த அண்டைக்குத்தான் அழுதனான்."

வீட்டில் குழந்தைகளை வைத்துப் பார்க்க அலுவலகம் கொடுத்த அந்த லைசன்ஸை அவள் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டியிருந்தாள்.

சனிக்கிழமைகளில் லிட்கம்மில் உள்ள பழைய சாமான் கடைக்கு ரயிலில் போவாள். சில நாள் நானும் கூடப் போவேன். ஒரு துணிக் கரடியை வாங்க அவளுக்கு அரை மணி நேரம் ஆகும். முதலில் கண்ணைப் பிடித்து இழுப்பாள். பிளாஸ்டிக் கண்ணாக இருந்தால் அநேகமாக அங்கேயே வைத்துவிடுவாள். நூலால் தைத்த கண்தான் அவளுக்குப் பிடிக்கும். பிறகு மூக்கு, காது, வால். ரோமத்தைக் கிள்ளிப் பார்ப்பாள். கையோடு வந்தால் வேண்டாம். வயிற்றை அழுத்தி உள்ளே கட்டியாக ஏதாவது இருக்கிறதா என்று தேடுவாள். பாட்டுப் பாடுகிற பொம்மை என்றால் பேட்டரி இருக்கும், அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும் என்று எனக்குச் சொன்னது அவள்தான். உள்ளே மணிமணியாக நெருடினால் வேண்டாம். கழுத்தில் நீள ரிப்பன் இருந்தால் வெட்டிவிடுவாள். தையலை விரித்துப் பார்ப்பாள். எந்த வயதுக்கு என்று லேபிளில் எழுதியிருப்பதை வாசிப்பாள். தோய்க்கலாமா என்றும் பார்ப்பாள். கைப்பையில் டாய்லெட் பேப்பர் சுற்றியிருந்த அட்டைக் குழாய் ஒன்று எப்போதும் இருக்கும். பொம்மையிலிருந்து கழன்று வரக்கூடியது எதுவும் அந்தக் குழாய்க்குள் நுழைந்தால் அது குழந்தையின் தொண்டைக்குள்ளும் நுழையும் என்பது அவள் கணக்கு.

கடையில் இருக்கும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருமுறை அவளிடம், கரடியை வாங்கப்போகிறாயா அல்லது உண்மையைக் கக்க வைக்கிறாயா என்று கேட்டார். சுஜீவா சிரிக்காமல், இன்னும் கக்கவில்லை என்றாள். அவர்தான் சிரித்தார்.

வீட்டில் குளிர்பெட்டிக் கதவில் ஓர் அட்டவணை. ஒவ்வொரு விளையாட்டுச் சாமானுக்கும் ஒரு வரி. கண், மூக்கு, தையல், ரிப்பன் என்று கட்டங்கள். குழந்தைகள் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்து, டிக் போட்டு, கையெழுத்து வைப்பாள். குழந்தைகள் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பொம்மைகளை வாசலிலேயே வாங்கி அதேபோலப் பார்ப்பாள்.

அக்ஷரா வந்தபோது அவளுக்கு எட்டு மாதம். தாய் வினுஷா ஆஸ்பத்திரியில் மருந்துப் பிரிவில் வேலை பார்க்கிறாள். சிறு வயதிலேயே இங்கே வந்தவள், பேச்சில் இடையிடையே ஆங்கிலம். காலையில் குழந்தையைக் கொண்டுவந்து விடுவது வினுஷாவின் தம்பி பிரவீனன். இரவு வேலை முடித்து வந்து, குழந்தையைக் காரில் ஏற்றி இங்கே விட்டுவிட்டுப் போய்த் தூங்குவான்.

குழந்தையோடு ஒரு பழுப்புநிறக் கரடியும் வந்தது. அதன் கழுத்தில் சிவப்பு நூலால் ஒரு சின்னத் தங்கப் பதக்கம் தைத்திருந்தது. விரல் நகம் அளவுதான். நான் ஈரோட்டுக்காரி, எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. சுஜீவா சொன்னாள்: பஞ்சாயுதம். சங்கு, சக்கரம், வாள், வில், கதை என்று ஐந்து ஆயுதங்களும் அதில் இருக்கும். அவர்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குத் துடக்கு, அதாவது தீட்டு, கழிக்கும் நாளில் சங்கிலியில் கோத்துப் போடுவார்கள், கெட்டது அண்டாது. அக்ஷராவுக்குத் தாய்மாமனாகப் பிரவீனன் வாங்கிக் கொடுத்தது. ஆனால் குழந்தையின் கழுத்தில் சங்கிலி போடவே கூடாது என்று கிளினிக் நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கழற்றிப் பெட்டியில் வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. குழந்தை எப்போதும் கட்டிப்பிடித்திருக்கும் கரடியின் கழுத்தில் தைத்துவிட்டான். அப்படியாவது கூடவே இருக்கட்டும் என்று.

தூங்க வைக்கும்போது சுஜீவா கரடியைக் கட்டிலுக்குள் விடமாட்டாள். ஒரு வயது ஆகும்வரை கட்டிலில் மெத்தென்று எதுவும் இருக்கக் கூடாது என்பது அவள் அலுவலகத்தின் சட்டம். விழித்திருக்கும்போது பாயில் கொடுப்பாள். தினமும் காலையில் அதன் கண்ணை இழுத்தாள், மூக்கை இழுத்தாள், தையலைப் பார்த்தாள். நான் துணி காயப்போடப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அவள் விரல்கள் அந்தப் பதக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகும். ஒருநாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதையும் பார்த்தேன். இழுத்துப் பார்த்ததைப் பார்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தச் சிவப்பு நூலின் முனை பிரிந்து நீட்டிக்கொண்டிருந்ததும் என் கண்ணில் பட்டது. அவர்கள் சாமி விஷயம், நாம் எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை பத்தே முக்கால் இருக்கும். சுஜீவா என்னைக் கூப்பிட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. போனேன். அக்ஷரா பாயில் உட்கார்ந்து கரடியின் காதைச் சப்பிக்கொண்டிருந்தாள். கரடியின் கழுத்தில் சிவப்பு நூல் மட்டும் இருந்தது.

சுஜீவா குழந்தையின் வாய்க்குள் பார்த்துவிட்டாள். அக்ஷராவுக்கு மூச்சு நன்றாக இருந்தது, சிரித்தாள், எச்சில் வடித்தாள். பாயைத் தூக்கி உதறினோம். சோபாவுக்கு அடியில் கைவிட்டோம். காலையில் கூட்டிய வாக்குவம் கிளீனரின் பையைப் பிரித்துப் பழைய பேப்பரில் கொட்டிக் கைகளால் துழாவினாள். தூசியும் ஒரு பட்டாணியும்தான் இருந்தன. காலையில் கரடி வரும்போது பதக்கம் இருந்ததா என்று அவளுக்கு நினைவில்லை. அந்த இடத்தை அவள் பார்ப்பதே இல்லை அல்லவா.

நான் சொன்னேன்: "கார்ல விழுந்திருக்கும் சுஜீவா. அந்தத் தம்பி எந்திரிச்சதும் கேட்டுப் பாக்கலாம். அதுக்குள்ள ஆபீசுக்குச் சொன்னா உங்க லைசன்ஸ எடுத்திருவாங்க."

"காரில இருந்தால் நல்லது." போனைக் கையில் எடுத்துவிட்டாள். "இல்லாட்டி?"

முதலில் சுகாதார உதவி எண்ணுக்கு அடித்தாள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அடுத்து வினுஷா. பிறகு பிரவீனன். கடைசியாகத் தன் அலுவலகம். ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தைகளைச் சொன்னாள். கரடியில் தைத்திருந்த பஞ்சாயுதத்தைக் காணவில்லை, பிள்ளை விழுங்கியிருக்கலாம், நான் சரிபார்க்கவில்லை. 'நான் சரிபார்க்கவில்லை' என்பதை யாரும் கேட்காமலே நான்கு முறையும் சொன்னாள்.

பிரவீனன் தூக்கக் கலக்கத்தோடு வந்து சேர்ந்தான். காரின் இருக்கை இடுக்கிலும் தேடிப் பார்த்தோம். இல்லை. குழந்தையை ஏற்றிக்கொண்டு போனான். மற்ற மூன்று பிள்ளைகளை விட்டுச் சுஜீவாவால் போக முடியாது. சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. சோற்றைக் குழைத்தாள். திராட்சைப் பழம் ஒவ்வொன்றையும் நீளவாக்கில் நான்காக வெட்டினாள். எப்போதும்போலத்தான் வெட்டினாள். ஒரு பழத்துக்கு மட்டும் எட்டுத் துண்டு வந்தது.

இரண்டு மணிக்கு வினுஷா போன் செய்தாள். எக்ஸ்ரேயில் தெரிகிறது. வயிற்றில் இறங்கிவிட்டது. முனை மழுங்கிய பொருள்தான், தானாக வெளியே வந்துவிடும், மூன்று நாள் கவனியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சுஜீவா "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

தங்கம் சனிக்கிழமை வெளியே வந்தது. குழந்தைக்கு ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். குளிர்பெட்டிக் கதவிலிருந்த அட்டவணையைப் படம் எடுத்தாள். பழுப்புக் கரடி என்ற வரியில் அக்ஷரா வந்த ஒவ்வொரு நாளுக்கும் டிக் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. இவ்வளவு கவனமான ஆள் இதை எப்படித் தவறவிட்டாய் என்று கேட்டாள். சுஜீவா ஆங்கிலத்தில் விளக்கப் பார்த்தாள். அந்தப் பெண் 'நகை' என்று எழுதிக்கொண்டாள். நகை என்றுகூடச் சொல்ல முடியாது, ஆனால் அதற்கு மேல் எப்படிச் சொல்வது? விசாரணை முடியும்வரை பிள்ளைகளை எடுக்க வேண்டாம் என்று கடிதம் கொடுத்துவிட்டுப் போனாள்.

வீடு அமைதியாகிவிட்டது. சுஜீவா எல்லாப் பொம்மைகளையும் தோய்த்துக் கொடியில் காதைப் பிடித்துத் தொங்கவிட்டாள். இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள், லிட்கம்முக்கு வருகிறீர்களா அக்கா என்று கேட்டாள். கடைக்கு அல்ல, வினுஷா வீட்டுக்கு.

வினுஷா கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னாள். நாற்காலியைக் காட்டினாள். தேநீர் கொண்டுவரவில்லை. அக்ஷரா தவழ்ந்து வந்து சுஜீவாவின் பாதத்தைப் பிடித்தாள். சுஜீவா குனியவில்லை, வினுஷாவின் முகத்தைப் பார்த்தாள். வினுஷா தலையசைத்த பிறகுதான் தூக்கினாள்.

"நீங்கள் எல்லாத்தையும் இழுத்துப் பாப்பியள் எண்டுதான் அக்கா நான் உங்களிட்டை விட்டனான்" என்றாள் வினுஷா. "எங்கடை மாமி ஆக்களுக்கெல்லாம் சொன்னனான், அந்த அக்கா கரடிக்கே செக்கிங் வைக்கிறவா எண்டு. அவ்வளவு ட்ரஸ்ட் பண்ணினனான்."

"ஓம்."

"அப்ப ஏன் அதை மட்டும் பாக்கேல்லை?"

சுஜீவா குழந்தையின் முதுகைத் தடவினாள்.

"அதுக்கு மேலை என்ரை கை போகேல்லை, தங்கச்சி. கண்ணை இழுக்கேக்க அது பொம்மை. பஞ்சாயுதத்திலை கை படேக்க அது சாமி. சாமியை ஆர் இழுத்துப் பாக்கிறது? காப்பாத்த வந்த சாமான் கழண்டு விழும் எண்டு யோசிக்கவே இல்லை."

வாசலில் சாய்ந்து நின்ற பிரவீனன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நானும் இழுத்துப் பாக்கேல்லை அக்கா. நான் தைச்ச தையல் எனக்குத் தெரியும்தானே. இழுத்தால் வந்திடும்."

வினுஷா அவனைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று எனக்குப் புரியவில்லை. குழந்தையைத் திரும்ப விடுவேன் என்றோ மாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை. சுஜீவாவும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தவறு பதிவாகியிருக்கிறது, உடனே தெரிவித்ததும் பதிவாகியிருக்கிறது. தொடர்ந்து நடத்தலாம், மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார்கள். சுஜீவா அட்டவணையைப் புதிதாகக் கோடு போட்டு எழுதினாள். கடைசியில் ஒரு கட்டம் கூட்டினாள். 'நேர்த்திக்கடன், காப்பு, நூல், நகை' என்று தமிழில் எழுதினாள். அலுவலகத்துப் பெண்ணுக்குப் புரியாதே என்றேன். "அவவுக்குத் தேவையில்லை. எனக்குத்தான் தேவை" என்றாள்.

திங்கட்கிழமை காலை மற்ற மூன்று பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். ஏழேகால் ஆனது, ஏழரை ஆனது. சுஜீவா வாசல் பக்கம் பார்க்காமல் பால் புட்டிகளைக் கழுவினாள். கழுவிய புட்டியையே மறுபடி கழுவினாள்.

எட்டு மணிக்குப் பக்கத்தில் பிரவீனனின் கார் வந்து நின்றது. ஒரு கையில் அக்ஷரா, மறு கையில் பை. கரடி வந்தது. அதன் கழுத்தில் நூல்கூட இல்லை. ஆனால் குழந்தையின் வலது கையில் கறுப்பு மணிக் காப்பு ஒன்று புதிதாக இருந்தது. இவ்வளவு நடந்ததற்குக் கண்பட்ட நாவூறுதான் காரணம் என்று வினுஷாவின் மாமியார் நேற்று வந்து கட்டிவிட்டுப் போனாராம்.

சுஜீவா குழந்தையை வாங்கவில்லை. காப்பைப் பார்த்தாள். அவள் கை பாதி வழியில் நின்றது.

"தம்பி, இதை நான் இழுத்துப் பாக்க வேணும்."

"பாருங்கோ அக்கா. பாத்திட்டுத்தான் பிள்ளையைக் குடுக்கச் சொன்னவா வினுஷாக்கா."

சுஜீவா இரண்டு விரலால் காப்பைப் பிடித்தாள். ஒரு நொடி கண்ணை மூடினாள். பிறகு கரடியின் கண்ணை இழுப்பதுபோலவே இழுத்தாள். நூல் அறுந்தது. நான்கைந்து மணிகள் அவள் உள்ளங்கையில் விழுந்தன. ஒன்று மட்டும் தரையில் உருண்டது. மூவரும் குனிந்து தேடினோம். வாசல் மிதியடிக்கு அடியிலிருந்து பிரவீனன்தான் எடுத்துக் கொடுத்தான். சுஜீவா எல்லாவற்றையும் அவன் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"மாமியிட்டைக் குடுங்கோ. சுஜீவாதான் அறுத்தவ எண்டு சொல்லுங்கோ."

அவன் மணிகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். சுஜீவா அக்ஷராவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, குளிர்பெட்டிக் கதவுக்குப் போய், கடைசிக் கட்டத்தில் முதல் டிக்கைப் போட்டாள்.