கேட்டுக்குப் போட்ட சிம்

அழகமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் பதினொரு வருடத்தை மாத்தளை டவுனில் இருக்கும் மலர் ரெசிடன்ஸியின் கேட்டுக்குத் தாரை வார்த்திருந்தார். நான்கு மாடி, பன்னிரண்டு வீடு. எந்த வீட்டில் எந்த மீன்காரருக்கு வரவேற்பு, எந்த மாப்பிள்ளைக்கு மாமியார் வந்தால் முகம் சுண்டும் என்பதெல்லாம் வாச்சர் அழகமுத்துவுக்கு அத்துப்படி. படிப்பு ஐந்தாம் வகுப்பு, வாய் மட்டும் யூனிவர்சிட்டி.

அந்தக் கேட்டுக்குத்தான் இன்டர்கொம் வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவர் கட்டடக் கமிட்டித் தலைவர், நாலாம் வீட்டு ஹார்ட்வெயார் கடை முதலாளி தர்மேந்திரன். கொழும்பு டெக்னீசியன் சுவரில் பெட்டியைப் பதித்துவிட்டு விளக்கினார். வருகிறவர் வீட்டு எண்ணை அழுத்தினால் வீட்டுக்காரரின் கைப்பேசி அடிக்கும். அவர் பேசிப் பார்த்து ஒன்பதை அழுத்தினால் கேட்டு திறக்கும். வீட்டுக்காரர்கள் வந்து போக ஆளுக்கொரு கார்டு. வயர் கிடையாது, உள்ளே சிம். பின்னாலிருக்கும் மலை சிக்னலை மறைக்குமே என்று இரண்டு கம்பனி சிம் போட்டு, மொட்டை மாடியில் அன்டெனாவும் நட்டார். ஒன்று படுத்தால் மற்றது எழும்பும். பட்டியலில் இல்லாத நம்பரால் கேட்டை அசைக்கவே முடியாது.

பட்டியலுக்காக வீட்டுக்கு வீடு ஒரு ஃபோர்ம் போனது. நம் ஆட்களின் மூளை அங்கேதான் வேலை செய்தது. ஃபோர்மில் சொந்த நம்பரை எழுதும் பழக்கம் நமக்கு எப்போது இருந்தது? கடிதம் வந்தால் கடைக்காரர் வாங்கி வைப்பார், போன் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடுவார். வகுப்பில் போன் அடித்தால் பள்ளிக்கூட அதிபர் முறைப்பார் என்று ஏழாம் வீட்டு றமீஸா டீச்சர் அழகமுத்துவின் நம்பரை எழுதினார். கேட்டு விஷயம்தானே, கேட்டுக்காரர் நம்பரே போதும் என்று தர்மேந்திரனின் மனைவி சுபாஷினியும் அதையே எழுதினார். மற்றப் பத்து வீடும் அதைப் பார்த்து எழுதின. டெக்னீசியன் கவனித்தாரா இல்லையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். இருந்ததை அப்படியே பெட்டியில் தட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அப்புறம் நடந்ததெல்லாம் கூத்து. காஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் பட்டனை அழுத்துவார். நாலடி தள்ளி நாற்காலியில் இருக்கும் அழகமுத்துவின் போன் அடிக்கும்.

"ஹலோ, யாரு?"

"நான்தாண்ணே, காஸ்."

"எந்த வீட்டுக்கு?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருவரும் பேசுவார்கள். ஸ்மார்ட் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று அழகமுத்துவும் ஒன்பதை அழுத்துவார்.

ஒரு மாதம் ஒரு முறைப்பாடும் இல்லை. தர்மேந்திரனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"மெஷின் நல்லா வேல செய்யுது, அழகமுத்து. அதுக்கு டீ வேணாம், லீவு வேணாம். நீ இன்னையோட நின்னுக்க."

பதினொரு வருடத்துக்கு அவ்வளவுதான் மரியாதை. அலுவிகாரையில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனவர் சோற்றில் கை வைக்கவில்லை. இந்த வயதில் இனி எவன் வேலை தருவான்? மனைவி கிருஷ்ணம்மாவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலையில் போன் அடித்தது. "அண்ணே, காஸ்." ஒன்பதை அழுத்திய பிறகுதான் தனக்கு வேலை போய்விட்டது அவருக்கு உறைத்தது. அடுத்து மீன்காரர், கூரியர், றமீஸா டீச்சரின் உம்மா.

"தொரத்திவிட்டவங்களுக்கு ஏன் தெறக்குறீங்க?" என்றாள் கிருஷ்ணம்மா.

"அந்தம்மா முட்டிவலியோட வெயில்ல நிக்கிது. அதுக்கென்ன பாவம் தெரியும்?"

மூன்றாம் நாள் பின்னேரம் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. போன் அடித்தது.

"சுபா, கேட்டத் தெற. போன்ல சார்ஜ் இல்ல, கார்டையும் கடையில விட்டுட்டேன்."

குரலிலேயே ஆள் தெரிந்தது. அழகமுத்து வேண்டுமென்றே தொண்டையைக் கனைத்தார்.

"ஹலோ, யாரு?"

மழைச் சத்தத்துக்கு மேலே முதலாளி கத்தினார்.

"யார்ரா நீ? என் வீட்டுல என்னடா செய்ற?"

லைன் அறுந்தது. உடனே மறுபடியும் அடித்தது, இந்த முறை ஏழாம் வீட்டு பட்டனிலிருந்து.

"டீச்சர், நான் தர்மேந்திரன். என் வீட்டுக்குள்ள எவனோ ஒரு ஆம்பள..."

"இந்நேரத்துக்கு டீச்சர் ஸ்கூல்லேருந்து வந்திருக்க மாட்டாங்க, மொதலாளி."

"அழகமுத்தா? நீ எங்க இருக்க?"

"அலுவிகாரையில, எங்க வீட்டுல. பயப்படாதீங்க. பன்னெண்டு வீட்டுக்கும் என் நம்பர்தான் போட்டிருக்கு. ஒங்க வீட்டம்மா எழுதிக் குடுத்ததும் அதான்."

இன்னும் ஒரு பத்து நிமிடம் நனையட்டும் என்றுதான் அழகமுத்துவுக்கு ஆசை. ஆனால் கை கேட்கவில்லை, அழுத்திவிட்டது. கேட்டு கிறீச்சிட்டுத் திறப்பது போனில் கேட்டது. தர்மேந்திரன் உள்ளே போகாமல் அங்கேயே நின்று பேசினார்.

"அழகமுத்தண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. நாளைக்கே வேலைக்கு வந்துருங்க."

"வர்றதுக்கு நான் எங்க மொதலாளி போனேன்? மூணு நாளா ஒங்க கேட்டத் தெறந்துக்கிட்டுதான் இருக்கேன்."